ஓரணாச் சிற்றுண்டி: பிட்டி தியாகராயரின் மாநகராட்சி வாழ்க்கை

"தி. நகர் என்ற பெயருக்குரிய தியாகராயர் வெறும் மாநகராட்சி உறுப்பினர்தானே, அவருக்கு ஏன் இவ்வளவு பெரிய பெயர்? முதலமைச்சர் பதவி வீடு தேடி வந்தபோது ஏன் வேண்டாமென்றார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் போட்டிருக்கும் 'வெறும்' என்ற சொல்லை எடுத்துவிட்டால் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் விடை கிடைக்கும். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தி. நகரின் 'தி' திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகளைக் குறிப்பதாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது சர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயர். 'பிட்டி' என்பது குடும்பப் பெயர். துணி வாங்கப் பாண்டி பஜாருக்குப் போகிறவர்கள் நடப்பதும் அவர் பெயரிலான தியாகராய சாலையில்தான்.

1852 ஏப்ரல் 27 அன்று பிறந்தவர். தெலுங்கு பேசும் தேவாங்கர் குடும்பம். பரம்பரைத் தொழில் நெசவு. மாநிலக் கல்லூரியில் படித்து 1876இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் பி.ஏ. படித்தவர்கள் பெரும்பாலும் சர்க்கார் உத்தியோகத்துக்கோ வக்கீல் தொழிலுக்கோதான் போனார்கள். இவர் குடும்பத் தொழிலுக்கே திரும்பினார். நெசவுக் கூடம், தோல் பதனிடுதல், உப்பளம், சுண்ணாம்பு என்று வட சென்னையின் உழைப்புத் தொழில்கள் பலவற்றில் அவருக்குக் கை இருந்தது. இதை வெறும் பின்னணித் தகவலாக விட்டுவிட வேண்டாம். வண்ணாரப்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் தெருவில் தேங்கும் நீர் தறிக்குழிக்குள் இறங்கினால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு நின்றுபோகும் என்பது அவருக்கு ஏட்டறிவாக வந்ததல்ல.

1882இல் மாநகராட்சிக்குள் நுழைந்தார். வயது 30. அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1882 மே மாதத்தில்தான் வைஸ்ராய் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றிய புகழ்பெற்ற தீர்மானத்தை வெளியிட்டார். ஊர் நிர்வாகத்தில் அதிகாரிகளின் பிடி தளர வேண்டும், ஊர்க்காரர்கள் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த ரிப்பன் பெயரில்தான் இன்று மாநகராட்சிக் கட்டடம் நிற்கிறது. கட்டடம் 1913இல் திறக்கப்பட்டது. கட்டியவர் லோகநாத முதலியார், ஆன செலவு ஏழரை லட்சம் ரூபாய். அதற்கு முன் மாநகராட்சி எர்ரபாலு செட்டித் தெருவில் இயங்கியது. அந்தப் பழைய அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள், ரிப்பன் மாளிகையில் பத்தாண்டு என்று, தியாகராயர் சுமார் நாற்பது ஆண்டுகள் மன்றத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

மன்றம் என்றவுடன் இன்றைய 200 வார்டுகளையும் தேர்தல் கூட்டத்தையும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். சொத்து வைத்திருந்து வரி கட்டியவர்களுக்கே வாக்கு. உறுப்பினர்களில் ஒரு பகுதியினரை அரசே நியமித்தது; ஐரோப்பிய வணிகர்களுக்குத் தனி இடங்கள் இருந்தன. தலைவர் நாற்காலியில் ஆங்கிலேய அதிகாரிகள் வந்து வந்து போனார்கள். மூர் மார்க்கெட் என்ற பெயரை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த ஜார்ஜ் மூர் அப்படி ஒரு மாநகராட்சித் தலைவர்தான். இந்திய உறுப்பினர் ஒருவர் எழுந்து பேசலாம், கேள்வி கேட்கலாம், வாக்களிக்கலாம். கையெழுத்து அதிகாரியுடையது.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் நாற்பது ஆண்டுகள் என்ன செய்ய முடியும்? இதற்குத் தண்ணீரை வைத்து விடை சொல்கிறேன், ஏனென்றால் சென்னையின் கதை எப்போதுமே தண்ணீரின் கதை.

1872 வாக்கில் செங்குன்றம் ஏரியிலிருந்து திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்குத் தண்ணீர் வந்தது. திறந்த கால்வாய் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். வழியில் மாடு இறங்கும், மழையில் சேறு கலக்கும், வெயிலில் பாசி பிடிக்கும். அந்த நீர் எந்த வடிகட்டலும் இல்லாமல் குழாய்க்குள் போய் வீடுகளுக்கு வந்தது. காலராவும் பேதியும் ஆண்டுதோறும் ஆட்களைக் கொண்டுபோன காலம். மணல் வடிகட்டிகளுடன் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் செயல்படத் தொடங்கியது 1914இல். அதன் பின்னால் இருந்த பொறியாளர் மேட்லி. மேட்லி சாலை, மேட்லி சுரங்கப்பாதை என்று இன்றும் சொல்கிறோமே, அவரேதான். 1872க்கும் 1914க்கும் நடுவே நாற்பத்திரண்டு ஆண்டுகள். அவற்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தியாகராயர் மன்றத்தோடு சேர்ந்தவராக இருந்தார். திட்டம், மதிப்பீடு, கடன், வரி என்று ஒவ்வொன்றும் மன்றத்தின் மேசைக்கு வந்துதான் போனது. பாதாளச் சாக்கடையின் கதையும் இதேதான்: 1890களில் ஜார்ஜ் டவுன் பகுதியில் தொடங்கி, அங்குலம் அங்குலமாக ஊருக்குள் பரவியது.

இந்தப் பணிகளில் இவர் பங்கு இத்தனை, அவர் பங்கு அத்தனை என்று பிரித்துக் கொடுக்க முடியாது. மன்றத்து வேலையின் இயல்பு அது. சட்டமன்றத்தில் ஒரு பேச்சு பேசினால் மறுநாள் பத்திரிகையில் வரும். மாமன்றத்தில் ஒரு குழாய்க்காக ஐந்து கூட்டம் பேசினால் ஆறாவது ஆண்டில் ஒரு தெருவில் தண்ணீர் வரும். அப்போது குழாயடியில் நிற்பவருக்கு யார் பேசியது என்று தெரிந்திருக்காது. இதைச் சகித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போய் உட்காருகிறவர்தான் நல்ல மாநகராட்சி உறுப்பினர். பழைய ஊர் நிர்வாகக் கதைகளைத் தேடிப் படிப்பது என் நெடுநாள் பழக்கம். அதில் எனக்கு மிஞ்சிய பெரிய வியப்பு, இப்படி வருகைப் பதிவேட்டில் மட்டுமே பெயர் மிஞ்சியவர்கள் எத்தனை பேர் என்பதுதான்.

நீங்கள் 'வெறும்' என்று சொன்னதற்காக ஒரு சிறு பட்டியலையும் சொல்லிவிடுகிறேன். ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். பெரியார் ஏறத்தாழ அதே காலத்தில் ஈரோடு நகராட்சித் தலைவர். இருவரின் நட்பு வளர்ந்ததும் அந்த நாட்களில்தான். காமராசர் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது அவர் சிறையில் இருந்தபோது. சத்தியமூர்த்தி 1939இல் சென்னை மேயரானார்; பூண்டி நீர்த்தேக்கத்துக்கு மறு ஆண்டே அடிக்கல் நாட்டப்பட்டது. 1944இல் அது முடிந்தபோது அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். தமிழ்நாட்டு அரசியலின் பெரிய பெயர்கள் பலவும் குழாய், சாக்கடை, தெருவிளக்கு ஆகியவற்றில் கைப்பழக்கம் பெற்றவைதான்.

தியாகராயரிடம் திரும்புகிறேன். மன்றத்தில் அவருக்கு ஒரு வலுவான எதிராளி இருந்தார். டாக்டர் டி. எம். நாயர். காது, மூக்கு, தொண்டை மருத்துவர், வெளிநாட்டில் படித்தவர், கூர்மையான நாக்கு. 1904 முதல் 1916 வரை மாநகராட்சி உறுப்பினர். தியாகராயரோ கோயில் குளம் என்று பக்தியோடு வாழ்ந்த வணிகர். இருவருக்கும் ஒத்துவரவில்லை. மன்றத்தில் எதிரும் புதிருமாக நின்றார்கள். இருவருமே அன்று காங்கிரசில் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1916 இந்த இருவரையும் ஒரே பக்கம் தள்ளியது. அந்த ஆண்டுத் தேர்தல்களில் நாயர் தில்லி சட்டசபைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். தியாகராயர் மாகாண அளவில் தோற்றார். ஊரில் செல்வாக்கு இருந்தும், பல்லாண்டுப் பொதுவாழ்வு இருந்தும், படித்தவர்களின் வாக்கு தங்கள் பக்கம் வராது என்பது அப்போது உறைத்தது. அரசு வேலைகளின் நிலையும் அப்படித்தான் இருந்தது. 1913இல் கார்டியூ என்ற உயர் அதிகாரி விசாரணைக் குழு ஒன்றின் முன் வைத்த கணக்கின்படி, 1892க்கும் 1904க்கும் இடையில் ஐ.சி.எஸ். தேர்வில் வென்ற 16 பேரில் 15 பேர் பிராமணர்கள். இந்தச் சூழலில் டாக்டர் நடேச முதலியார் என்ற நல்ல மனிதர் இரு தலைகளுக்கும் நடுவே நடையாய் நடந்து சமாதானம் செய்தார். திருவல்லிக்கேணியில் பிராமணரல்லாத மாணவர்களுக்காக விடுதி நடத்தியவர் அவர். 1916 நவம்பர் 20 அன்று தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்தது. டிசம்பரில் தியாகராயர் பெயரில் பிராமணரல்லாதார் கொள்கை அறிக்கை வெளிவந்தது. மறு ஆண்டு தொடங்கிய 'ஜஸ்டிஸ்' பத்திரிகையின் பெயரே கட்சிக்கும் ஒட்டிக்கொண்டு நீதிக்கட்சி ஆனது. நாயர் 1919இல் லண்டனில் காலமானார். பாரம் முழுவதும் தியாகராயர் தோளில் விழுந்தது.

இந்தக் கட்சி வரலாற்றை எல்லோரும் விரிவாக எழுதிவிட்டார்கள். நான் இங்கே நிற்கப்போவதில்லை. அதே ஆண்டுகளில் மாநகராட்சியில் நடந்ததுதான் எனக்கு முக்கியம்.

1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம் மன்றத்தை 50 பேர் கொண்டதாக விரிவாக்கியது. அன்றாட நிர்வாகம் ஆணையரிடம் போனது; மன்றம் தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உரிமை பெற்றது. மேயர் என்ற பட்டம் அப்போது இல்லை. 1933இல்தான் அது திரும்பி வந்தது, அப்படி வந்த பிறகு ராஜா சர் முத்தையா செட்டியார் முதல் மேயரானார். அதுவரை 'பிரசிடெண்ட்'. தேர்தல் வழியாக அந்த நாற்காலிக்கு வந்த முதல் மனிதர் தியாகராயர். மன்றத்துக்குள் நுழைந்து கிட்டத்தட்ட முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து.

இப்போது 1920 செப்டம்பர் 16க்கு வருவோம். அன்று மன்றம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு செய்யலாம். தியாகராயர் சொன்ன காரணம் எளிமையானது: அந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஏழைகள், பள்ளியில் எண்ணிக்கை சரிவதற்கு அதுவே காரணம்.

அந்த ஓர் அணாவைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். என் தாத்தா வைத்திருந்த தகரப் பெட்டியில் இரண்டு மூன்று கிடந்தன. விளிம்பு வட்டமாக இருக்காது. பூவிதழ் போல வளைந்து வளைந்து ஓடும். வெள்ளைநிறக் காசு, விரலால் தடவினாலே வேறு காசிலிருந்து பிரித்துவிடலாம். பதினாறு சேர்ந்தால் ஒரு ரூபாய். அதாவது ஒரு ரூபாய்க்குப் பதினாறு பிள்ளைகளின் ஒரு வேளைப் பசி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அந்தத் தீர்மானத்தை எழுதியவர்கள் தர்மம் செய்கிறவர்களைப் போல எழுதவில்லை. வரிப்பணத்தை எண்ணிச் செலவு செய்கிற, கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டிய மன்றத்தார் எழுதிய வரி அது. 'மிகாமல்' என்ற ஒரு சொல்தான் அந்தத் திட்டத்துக்கு உயிர் கொடுத்தது. வரம்பு இல்லாத செலவுக்கு எந்த மன்றமும் வாக்களிக்காது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. பசித்த பிள்ளைகள் என்று பொதுவாக அவர்கள் பேசவில்லை; ஆயிரம்விளக்குப் பள்ளி என்று ஒரே ஒரு பள்ளியைப் பெயர் சொல்லித் தொடங்கினார்கள். பலன் தெரிந்த பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். தெருவையும் பள்ளியையும் பெயர் சொல்லி அறிந்தவர்களிடமிருந்து வருகிற அரசியல் இது. தலைமைச் செயலகத்தில் உட்கார்ந்து கோப்பு பார்க்கிறவருக்கு ஆயிரம்விளக்குப் பள்ளியின் வருகைப் பதிவேடு கண்ணில் படாது.

தீர்மானம் நிறைவேறி இரண்டு மாதத்தில், 1920 நவம்பரில், மாகாணத்தின் முதல் சட்டமன்றத் தேர்தல். காங்கிரஸ் புறக்கணித்தது. தேர்ந்தெடுக்கப்படும் 98 இடங்களில் நீதிக்கட்சி 63ஐப் பிடித்தது. ஆளுநர் வில்லிங்டன், கட்சித் தலைவரான தியாகராயரை அழைத்து அமைச்சரவை அமைக்கச் சொன்னார். அவர் மறுத்துவிட்டார். கடலூரைச் சேர்ந்த சுப்பராயலு ரெட்டியார் முதல் அமைச்சரானார். உடல்நலம் குன்றி சில மாதங்களில் அவர் விலக, பனகல் அரசர் வந்தார். தியாகராயர் கடைசிவரை கட்சித் தலைவராக இருந்தாரே தவிர அமைச்சராகவில்லை.

ஏன் மறுத்தார் என்பதுதான் உங்கள் கேள்வி. கட்சித் தலைவராக இருக்கும் தான் பதவியில் உட்காருவது சரியில்லை என்று அவர் கருதினார் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விடை. மேடையில் இதைத் தியாகம் என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவார்கள். நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்த மாட்டேன். என் ஊகம் வேறு; ஊகம் என்று சொல்லியே வைக்கிறேன். அன்று வந்தது இரட்டையாட்சி. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி, வேளாண்மை போன்ற துறைகள் அமைச்சர்களுக்கு. நிதியும் காவல்துறையும் வருவாய்த்துறையும் ஆளுநரின் கையில். அமைச்சர் நல்லது நினைக்கலாம், பணப்பெட்டியின் சாவி அவரிடம் இராது. மாநகராட்சி அளவில் சிறியது. ஆனால் அதற்குச் சொந்த வரி இருந்தது, சொந்தப் பள்ளி இருந்தது, ஓர் அணாவை இன்ன பிள்ளையின் தட்டில் கொண்டுபோய் வைக்கும் வழி இருந்தது. நாற்பதாண்டு காத்திருந்து கிடைத்த நாற்காலியில், தொடங்கிய வேலை மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், அறுபத்தெட்டு வயதில் ஒருவர் எதற்காக அதைவிட்டு எழுந்து போக வேண்டும்?

இந்த இடத்தில் முடித்துவிட்டால் உங்களுக்குப் பாதி மனிதரைத்தான் காட்டியவன் ஆவேன். 1921 நடுவில் பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. திரு.வி.க. போன்றோர் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். அதிலிருந்து சாதிக் கலவரம். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடு நடந்தது. அன்று நீதிக்கட்சியின் தலைவர்களும் அதன் பத்திரிகையும் எடுத்த நிலை, அதிகாரிகள் ஆதிதிராவிடர்களுக்கு அளவுக்கு மீறிச் சலுகை காட்டியதால்தான் இந்த நிலை வந்தது என்பது. குடிசை எரிந்தவர்களைப் பார்த்துச் சொல்லக்கூடிய சொல்லா இது? கட்சியில் இருந்த ஆதிதிராவிடத் தலைவர் எம். சி. ராஜா மனம் வெதும்பினார். 1923இல் கட்சியை விட்டே வெளியேறினார். பிராமணரல்லாதார் எல்லோருக்கும் என்று தொடங்கிய இயக்கத்தில் அடித்தட்டில் இருந்தவர்களுக்கு உண்மையில் எவ்வளவு இடம் இருந்தது என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. கட்சியின் தலைவர் தியாகராயர். புளியந்தோப்பும் அவர் நன்கு அறிந்த வட சென்னைதான். ஆயிரம்விளக்குப் பிள்ளைகளின் பசியைப் பார்த்த கண் புளியந்தோப்புக் குடிசைகளைப் பார்க்கவில்லை என்பதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது. எழுதாமல் விட முடியாது.

அவருடைய உடை பற்றி ஒரு வார்த்தை. 'வெள்ளுடை வேந்தர்' என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை. அரச குடும்பத்தாரை வரவேற்கும் சடங்கிலும் அரசு சொன்ன உடைக்கு மாறாமல் தன் வெள்ளையிலேயே போனார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். 'சர்' பட்டம் பெற்ற ஒருவர் உடையை விட்டுக்கொடுக்கவில்லை என்பதில் அன்றைய மக்களுக்கு ஒரு பெருமிதம் இருந்திருக்கிறது. ரிப்பன் மாளிகை வளாகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. சென்ட்ரலில் இறங்கி நடந்தால் எட்டிப் பார்த்துவிடலாம்.

தி. நகர் உருவானது 1920களில். மாம்பலத்தை ஒட்டி நீண்டு கிடந்த பெரிய ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்துப் புதுக் குடியிருப்பு அமைத்தார்கள். நடுவே பூங்கா, அதற்குப் பனகல் அரசர் பெயர். உஸ்மான் சாலை, ஜி. என். செட்டி சாலை, நாயர் சாலை, நடேசன் பூங்கா என்று சுற்றிப் பாருங்கள். உஸ்மானும் ஜி. நாராயணசாமி செட்டியாரும் தியாகராயருக்குப் பின் மாநகராட்சித் தலைவர் நாற்காலியில் அமர்ந்தவர்கள். நாயரும் நடேசனும் யார் என்று மேலே பார்த்தோம். ஒரு காலத்து மாமன்றமே தெருப்பெயர்களாக எழுந்து நிற்கிறது அங்கே. சென்னையில் மழை பெய்தால் அந்தப் பகுதியில் தண்ணீர் தேங்குவதற்கு ஏரியாக இருந்த அந்த நிலமும் ஒரு காரணம். நல்ல எண்ணத்தோடு செய்யும் நகர் விரிவாக்கத்துக்கும் நூறாண்டு கழித்து ஒரு விலை உண்டு.

மன்றங்கள் எவ்வளவு எளிதாகக் காணாமல் போகும் என்பதும் சென்னை அறிந்ததுதான். 1973இல் கலைக்கப்பட்ட மாமன்றம் மீண்டும் கூடியது 1996இல். இருபத்து மூன்று ஆண்டுகள் அதிகாரியே எல்லாம். அதன் பின் 2016இலிருந்து 2022 வரை இன்னொரு இடைவெளி. அந்த ஆண்டுகளில் தெருவிளக்கு எரியாமல் போனால் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நின்றவர்களைக் கேட்டால் 'வெறும்' கவுன்சிலர் என்றால் என்ன என்று சொல்வார்கள். வேலை மெதுவாக நடக்கலாம், நடக்காமலும் போகலாம். ஆனால் இரவில் கதவைத் தட்டித் திட்டுவதற்காவது ஒரு வீடு இருந்தது; அது இல்லாமல் போனது.

சிற்றுண்டிக்கு என்ன ஆயிற்று? ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக் கூடாது என்று அரசு மறுத்தது. 1925 ஏப்ரல் 1 முதல் திட்டம் நின்றது. பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியிருந்தது, பணம் மாநகராட்சியின் கணக்கிலேயே இருந்தது. எந்தத் தலைப்பில் எழுதுவது என்ற சிக்கலில் சோறு நின்றது. தியாகராயர் மறைந்ததும் அதே 1925இல். பிறகு மாநகராட்சி விடாமல் முயன்று, ஏழைப் பிள்ளைகள் சிலருக்காவது அதை மீண்டும் தொடங்கியது.

அங்கிருந்து கோடு நீள்கிறது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநிலம் முழுவதும் விரிந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் 1996இல் மக்களின் நேரடி வாக்கில் சென்னை மேயராகி அதே ரிப்பன் மாளிகையில் உட்கார்ந்திருந்த மு. க. ஸ்டாலின். ஆயிரம்விளக்குத் தீர்மானத்துக்கு அன்று 102 வயது நிறைய ஒரு நாள் பாக்கி.